குடை எடுக்க வந்தவள்

எமல்டா,
உன் கை இன்று நடுங்கியதை
மூன்று பேர்தான் பார்த்தோம்:
நீ, நான்,
சீனி பார்க்க விரலை நீட்டிக்கொண்டிருந்த
பியசேன அங்கிள்.
அவர் யாருக்கும் சொல்லமாட்டார்.
அவர் கையும் நடுங்குகிறது,
அது நாற்பது வருடத்துச் சாராயம்.

நான் வாசலில் பெயர் எழுதுகிறவள்.
ஊசி தெரியாது.
மருந்துகளின் பெயரைப் பிழையாகத்தான் சொல்லுவேன்.
ஆனால் வந்தவர்களும், வராமல் போனவர்களும்
என் கொப்பியில் இருக்கிறார்கள்.
மட்டக்குளியில் எல்லாச் சனிக்கிழமையும் ஒன்றுதான்.
ஆறு கடலில் விழுகிற பக்கமிருந்து
சேறும் உப்புமாய் ஒரு காற்று
மண்டபத்து வாங்குகளைத் தடவிக்கொண்டு வரும்.
புதிதாய் வருகிறவர்கள்
காலையில் பாட்டோடு வருவார்கள்.
பத்தரைக்குப் புண்ணின் மணம் ஏறும்.
பதினொன்றுக்கு, கை கழுவுமிடம் எங்கே என்பார்கள்.

நீ பதினொன்றேகாலுக்குத்தான் கேட்டாய்.
கெட்டிக்காரி.

பரீதா உம்மாவின் காலில் நீ போட்ட கட்டு
கேற் வரைக்கும் போகவில்லை.
வாலைப்போல இழுபட,
சிரித்துக்கொண்டே திரும்பி வந்தா.
இரண்டாம் கட்டு நின்றது.
அவவுக்காக நீ மனப்பாடம் செய்துவந்த ஜெபம்
உன் தொண்டைக்குள்ளேயே இருக்க,
உன் தலையில் கைவைத்து
'அல்லாஹ் நல்லது செய்வான் மகள்' என்று
அவ ஒன்றைத் தந்துவிட்டுப் போனா.
வாங்கிக்கொள்ளவும் பழகவேண்டும், பிள்ளை.
அது ஊசியைவிடக் கஷ்டம்.

மதம் மாற்றவா வந்தீங்கள் என்று
ஒழுங்கைமுனைப் பொடியன் கேட்டபோது
உனக்கு வாய் வரவில்லை.
கட்டு மாற்ற வந்தோம் என்று
சொல்லியிருக்கலாம்.
எனக்கும் இப்போதுதான் தோன்றுகிறது,
பஸ்ஸில் இருந்து எழுதும்போது.

இதையும் கேள்.
ஆறு வருடத்துக்கு முன்
நானும் புண் கழுவத்தான் வந்தேன்.
ஒரு குதிக்காலில் புழுவைக் கண்டேன்.
கையுறையைக் கழற்றாமலே ஓடினேன்.
பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது மழை.
அழைப்பு என்றால் வானம் திறக்கும் என்று
ஞாயிறு வகுப்பில் நம்பியிருந்தேன்.
திறந்தது உண்மைதான்,
மழைக்கு.
குடையை மண்டபத்தில் விட்டிருந்தேன்.

அதை எடுக்கத்தான் திரும்பினேன்.
அவ்வளவுதான் என் சாட்சி.
உள்ளே கரண்ட் போயிருந்தது.
யாரோ இருட்டுக்குள் என்னிடம்
'இந்த டோர்ச்சைக் கொஞ்சம் பிடி' என்றார்கள்.
பிடித்தேன்.
அந்தக் கொஞ்சம் இன்னும் முடியவில்லை.

பெத்சாயிதாவில் ஒரு குருடன் இருந்தான், தெரியும்தானே.
முதற்தரம் தொட்டபின்னும்
மனிதர்கள் அவனுக்கு
நடக்கிற மரங்களாய்த்தான் தெரிந்தார்கள்.
தொட்டவர் வெட்கப்படவில்லை.
கோபிக்கவும் இல்லை.
இன்னொருதரம் கைவைத்தார்.
இன்னொருதரம், எமல்டா.
அவரே.

எல்லாரும் போனபின்
நீ இருந்த கதிரைக்குக் கீழே பார்த்தேன்.
குடை இல்லை.
தண்ணீர்ப் போத்தல் இல்லை, துவாயும் இல்லை.
ஒன்றையும் மறக்காமல்
கவனமாய் எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.
எனக்கு அதுதான் பயமாய் இருந்தது.
திரும்பி வர ஒரு சாட்டாவது வேண்டும் ஆட்களுக்கு.

ஆகையால் ஒரு வேலை செய்தேன்.
பரீதா உம்மாவின் அட்டையில்,
வரும் சனிக்கிழமைக்கு நேரே,
கட்டு மாற்றுபவர் என்ற இடத்தில்
உன் பெயரை எழுதிவிட்டேன்.
மற்றப் புதியவர்களுக்கு
பென்சிலால்தான் எழுதுவேன்,
அழிக்க வசதியாக.

உனக்குப் பேனையால்.

கிழமைக்குள் நேரம் கிடைத்தால்
கதிரைக் காலில் கட்டிப் பழகு.
இறுக்காதே.
ஒரு விரல் உள்ளே போகவேண்டும்.